மணி அடித்தால் திருடன் ஓடுவானா?

வில்லியனூரிலிருந்து உறுவையாற்றுக்கு வரும் பாதையில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. முன்னாளில் வாயில் நிலையின் மேல் 'நல்வரவு' என்று எழுதி வைப்பது வழக்கம். இந்நாளில் இரும்புக் கதவின்மேல் 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில், 'இவ்வீடு காமிராவின் கண்காணிப்பில் உள்ளது' என்று மற்றொரு பலகை. சில வீடுகளில் மெய்யாகவே நாயும் காமிராவும் இருக்கின்றன. வேறு சில வீடுகளிலோ பலகை மட்டுந்தான் காவல் புரிகிறது.

இப்படிப் பலகை மாட்டுகிறவர்களைப் பரிகசிப்பதற்கில்லை. கணவனும் மனைவியும் காலையில் புதுவைக்கு வேலைக்குச் சென்றுவிடுகிறார்கள்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்தவாறே போவோர் வருவோரையெல்லாம் விசாரித்த பாட்டியைக் காணோம். புதிதாகக் கட்டும் வீடுகள் பலவற்றில் திண்ணையே கிடையாது. பெண்ணின் கலியாணத்திற்கென்று இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த நகை ஒரே பிற்பகலில் பறிபோகுமானால், அந்தக் குடும்பம் தலைநிமிர எத்தனை காலம் ஆகும்? ஆகையால் அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்தைப் பலகையும் மணியும் போக்குமா என்பதுதான் கேள்வி.

பழைய தந்திரம்

திருடனை எச்சரித்துத் துரத்தும் யோசனை நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்ப்பே நகரத்தை அகழ்ந்தபோது, ஒரு வீட்டு வாயிலில் சங்கிலியால் கட்டுண்ட நாயின் உருவமும், 'நாய் ஜாக்கிரதை' என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகமும் சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கக் கண்டார்கள்.

ஓசை எழுப்பித் திருடனைக் காட்டிக் கொடுக்கும் ஏற்பாடும் பழையதே. சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' என்னும் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அதில் வரும் சருவிலகன் என்பவன் சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைகிறான். தப்பி ஓட வழி வேண்டுமென்று கதவைத் திறக்கப் போகிறான். பழைய கதவாகையால் அது கிறீச்சிடும் என்று அஞ்சி, அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறான். கிறீச்சிடும் கதவுதான் அந்நாளைய அபாய மணி. திருடன் அந்த மணியின் வாயை முதலில் அடைத்தான் என்பதை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் திண்டுக்கல் தொழிலாளர்கள் சாவியைத் திருப்பும்போதே மணி அடிக்கும் பூட்டுகளைக் கைவேலையாகச் செய்து புகழ் பெற்றவர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேனாட்டில், கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சாரத்தால் மணி அடிக்கும் கருவிக்கு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853 ஜூன் 21-இல் காப்புரிமை பெற்றார். இன்று கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகளெல்லாம் அந்த மணியின் பேரப் பிள்ளைகளே.

திருடர்களின் வாக்குமூலம்

பலகையையும் மணியையும் கண்டு திருடன் அஞ்சுகிறானா என்பதைத் திருடனையே கேட்டால் என்ன? அமெரிக்காவில் அப்படியே கேட்டார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஷார்லட் கிளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், வீடு புகுந்து திருடிச் சிறைப்பட்ட 422 பேரை விசாரித்து, 2012-இல் அறிக்கை எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு 83 பேர், ஒரு வீட்டில் நுழையுமுன் அபாய மணி இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு என்றார்கள். மணி இருக்கக் கண்டால் வேறு வீட்டைத் தேடிக்கொள்வோம் என்றவர்கள் ஏறக்குறைய 60 பேர். ஆகவே மணிக்குச் சக்தி உண்டு என்பது தெரிகிறது. ஆனால் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் உதவியது மணி விற்கும் தொழிலினர் நிறுவிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

'வேறு வீட்டைத் தேடிக்கொள்வோம்' என்ற வாசகத்தைச் சற்றே நிதானித்துப் படியுங்கள். திருடன் மனந்திருந்தி ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த வாசலைப் பார்த்து நடக்கிறான். எனினும் இதற்கு மாறான சான்றும் உண்டு. அமெரிக்காவின் நூவர்க் நகரத்தில் 2001 முதல் 2005 வரை நடந்த திருட்டுகளை ஆராய்ந்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, அபாய மணிகள் பெருகப் பெருக வீட்டுத் திருட்டு குறைந்தது. அண்டை வீடுகளுக்கும் அதனால் தீங்கு நேரவில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்த செய்தியோ நேர் எதிரானது. அந்நாட்டில் ஆண்டுதோறும் வீடு வீடாகக் குற்ற விவரம் கேட்டுத் தொகுக்கிறார்கள். அதை ஆராய்ந்த குற்றவியல் அறிஞர்கள் 2015-இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். அபாய மணியை மட்டுமே நம்பிய வீடுகள், ஒரு பாதுகாப்பும் இல்லாத வீடுகளைவிட அதிகமாகத் திருட்டுக்கு இலக்காயின என்பதே அது. அதே அறிஞர் குழுவினர் சிறந்த பாதுகாப்பு என்று கண்டது மிகச் சாதாரணமான நான்கு பொருள்களின் கூட்டு: ஜன்னலுக்குப் பூட்டு, குறித்த நேரத்தில் தானே எரியும் உள்விளக்கு, கதவுக்கு இரட்டைப் பூட்டு, வெளியே விளக்கு. இந்நான்கும் சேர்ந்த வீடு, ஒன்றுமே இல்லாத வீட்டைவிட 49 மடங்கு பாதுகாப்புடையது என்று கணக்கிட்டார்கள். ஜன்னலும் கதவும் உறுதியாக இருந்தால் திருடனுக்கு நேரம் பிடிக்கிறது. விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருப்பதாகத் தோன்றுகிறது. நேரமும் ஆளுமே திருடனுக்குப் பகை.

மணி ஒலித்தது, யார் வந்தார்?

அறிஞர்களின் முடிவுகள் இவ்வாறு முரண்படுவானேன்? 'புலி வருது, புலி வருது' என்று கூவிய சிறுவனின் கதையில் அதற்குப் பாதி விடை இருக்கிறது. பூனை தாவினாலும் மணி அடிக்கிறது. காற்றடித்துக் கதவு ஆடினாலும் மணி அடிக்கிறது. அமெரிக்காவின் ஸால்ட் லேக் நகரப் போலீஸார், தங்களுக்கு வந்த மணி அழைப்புகளில் நூற்றுக்கு 99 பொய்யானவை என்று கண்டார்கள். 2000 டிசம்பரில் ஒரு விதி செய்தார்கள்: மணி ஒலித்த இடத்தை யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸார் வருவார்கள். அதன்பின் அத்தகைய அழைப்புகள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின.

எனவே, மணி திருடனைப் பிடிப்பதில்லை. "இங்கே ஏதோ நடக்கிறது, யாராவது வாருங்கள்" என்று கூப்பிடுவது ஒன்றே அதன் வேலை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவோர் உள்ள தெருவில் அதற்கு மதிப்புண்டு. "எந்த வீட்டு மணியோ, எத்தனை நேரம் அலறுகிறது!" என்று எரிச்சலுடன் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் தெருவில், அது திருடனுக்கு வாசிக்கும் மேளந்தான்.

காமிராவின் கதையும் இதுவே. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி விடியற்காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள லலிதா ஜுவல்லரி நகைக்கடையின் சுவரில் துளையிட்டுத் திருடர்கள் உட்புகுந்தார்கள். முன்புறத்தில் காவலாளிகள் இருந்தார்கள். உள்ளே காமிராக்கள் இருந்தன. வந்தவர்கள் அதை அறிந்தே முகத்தில் முகமூடி அணிந்து வந்தார்கள். மோப்ப நாய்க்கு மாற்றாக மிளகாய்ப் பொடியைத் தூவிச் சென்றார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகைகள் போயின. காமிரா அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் இரவு திருவாரூரில் சாலையில் நின்று வாகனங்களைச் சோதித்த போலீஸாரிடம் ஒருவன் அகப்பட்ட பிறகே மர்மம் அவிழத் தொடங்கியது.

இடமும் காலமும்

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன என்று எட்டினைக் கூறுகிறான். மந்திரமும் மருந்தும் போக, இடம், காலம் என்ற இரண்டும் அவற்றுள் அடங்கும். இளங்கோவடிகள் காலத்தவர் அறிந்திருந்ததையே மேனாட்டு ஆராய்ச்சியும் சொல்கிறது. செயிண்ட் லூயிஸ் நகரில் திருட்டுத் தொழிலில் இருந்த 105 பேரைச் சந்தித்துப் பேசிய ரைட், டெக்கர் என்ற இரு பேராசிரியர்கள் 1994-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆளில்லாத வீடா என்பதையே அவர்களில் பெரும்பாலோர் முதலில் கவனித்தார்கள்.

வீட்டில் ஆளில்லை என்பதைத் திருடனுக்கு நாமே பறையறைந்து அறிவிக்கிறோம். விடிந்து வெகு நேரமாகியும் கோலம் விழாத வாசல், எடுப்பாரின்றிக் கிடக்கும் பால் பை, மடிப்புக் கலையாத செய்தித்தாள், பட்டப்பகலில் எரியும் வாயில் விளக்கு, வெளியே தொங்கும் பெரிய பூட்டு ஆகிய இவையெல்லாம் 'இவ்வீட்டில் ஒருவருமில்லை' என்று எழுதாமல் எழுதிய பலகைகள். போதாக்குறைக்கு, திருப்பதிக்குப் புறப்பட்ட படத்தைப் புறப்பட்ட நாழிகையிலேயே கைபேசி வழியாக ஊருக்கெல்லாம் காட்டிவிடுகிறோம். இத்தனை பலகைகளுக்கு நடுவில் 'நாய் ஜாக்கிரதை' என்ற ஒன்று என்ன செய்யும்? இரண்டு நாள் வீதியில் நடந்து, குரைப்பொலி கேளாதவனுக்கு அந்தப் பலகையின் மெய்ம்மை விளங்கிவிடும்.

காவலும் அதன் ஆபத்தும்

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, இடையில் நூலேணி சுற்றி, உளியேந்தி இருளில் பதுங்கும் கள்வரையும், கள்வரின் தந்திரங்களை நன்கறிந்து மழை பெய்யும் இரவிலும் உறங்காமல் வீதி சுற்றும் ஊர்க்காவலரையும் ஒருங்கே காட்டுகிறது. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பாடிகாவல் நிலவியது. ஊரார் காவற்காரருக்கு ஆண்டுதோறும் பங்கு அளப்பார்கள். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோ ஈடு செய்வதோ காவற்காரரின் பொறுப்பு. 'இது இன்னார் காவல்' என்று நாடறிந்திருந்ததே அக்காலப் பலகை. அதன் பின்னால் பொறுப்பேற்ற மனிதர் இருந்தார். ஆகையால் அது பலித்தது. நாளடைவில் சில இடங்களில் வேலியே பயிரை மேய்ந்ததும், களவு போன மாட்டை மீட்கத் 'துப்புக்கூலி' கொடுக்க நேர்ந்ததும் உண்டு.

ஆங்கில ஆட்சி இதற்குக் கண்ட மருந்து நோயினும் கொடியது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. தனிமனிதன் செய்த குற்றத்தை விட்டுவிட்டு, பிறப்பையே குற்றமாக்கி, சமூகங்களை முழுதுமாகத் திருடர் என்று முத்திரை குத்தியது அது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் ஒழிந்தது.

ஆனால் அந்த மனப்பான்மை ஒழிந்துவிட்டதா? 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்று ஊரார் அடித்துக் கொன்றார்கள். கைபேசிகளில் பரவிய வதந்தியே காரணம். விழிப்பு வேறு, வெறி வேறு. அயலாரைக் கண்டால் "யாரைத் தேடுகிறீர்கள் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்பது விழிப்பு. நல்லவனுக்கு அந்தக் கேள்வி வழிகாட்டும். தீயவனுக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று உணர்த்தும். அதற்கு மேலே செய்யவேண்டியது போலீஸாரின் கடமை. 112 என்ற எண் அதற்காகவே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தை அடுத்த கிர்க்ஹோல்ட் என்னும் குடியிருப்பில் 1980-களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. திருட்டுப்போன வீட்டிலேயே மறுபடியும் திருட்டு நிகழ்வதைக் கண்டு, அவ்வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை அதற்குக் காவலாக அமைத்தார்கள். பூட்டுகளைப் பலப்படுத்தி, காசு போட்டு எரிவாயுவும் மின்சாரமும் பெறும் உண்டியல் மீட்டர்களையும் அகற்றினார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காயிற்று.

ஐந்தாறு வீடுகள் என்பது நமக்குப் புதிதா? உறுவையாறு போன்ற ஊரில் பக்கத்து வீட்டுப் பெயரும் நட்சத்திரமும்கூட நமக்குத் தெரியும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்துக்கு வீட்டோடு புறப்படும் நாளில், பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். வெளியூர் செல்லும் நாட்களில் அவர் நம் வாசலிலும் நாலு புள்ளி வைத்துக் கோலமிடுவார். பால் பையையும் செய்தித்தாளையும் எடுத்து வைப்பார். அவர் ஊருக்குப் போகும்போது நாம் அதையே செய்வோம். காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்லும்படி போலீஸார் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. நகைகள் வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். கதவுக்கு நல்ல பூட்டும், ஜன்னலுக்கு உறுதியான கம்பியும், தானே எரிந்து அணையும் விளக்கும் அடுத்தபடி.

இவ்வளவும் செய்தபின் மணியும் காமிராவும் வாங்க வசதியுள்ளவர் தாராளமாக வாங்கலாம். வாங்கினால் மணி ஒலிக்கும்போது யார் வந்து பார்ப்பது என்பதைப் பக்கத்து வீட்டாருடன் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் வீட்டு மணிக்கு நீங்களும் எழுந்து போங்கள். பலகையும் இருக்கட்டும். அதில் எழுதியது மெய்யாகுமாறு பார்த்துக்கொள்வது தெருவார் எல்லாருடைய வேலை.