இலாபமும் கைக்காசும்

பங்கு வாங்குமுன் ஆண்டறிக்கையைப் புரட்டும் நாம், முதலில் தேடுவது இலாபத்தையே. இலாபம் கூடியும் தொழிலில் காசு சேரவில்லையெனில் அங்கேயே நாம் தயங்க வேண்டும்.

சிங்கப்பூரின் ஹைஃபிளக்ஸ் நீர் நிறுவனம், 2001இல் பங்குச்சந்தையில் நுழைந்தபின் 2017இல்தான் முதன்முறையாக ஆண்டு நட்டம் காட்டியது. ஆனால் அதன் செயல்பாட்டுப் பணவரத்தோ அதற்கு முன்பே பல ஆண்டுகள் பற்றாக்குறையில் இருந்தது. ஆலை கட்டும்போதே வருவாய் பதிவாயிற்று. காசு பின்னரே வரவேண்டும். இடைவெளியைக் கடன் நிரப்பியது. 6 விழுக்காட்டு வருவாயை நம்பி முன்னுரிமைப் பங்குகளும் காலவரையற்ற பத்திரங்களும் வாங்கியோர் ஏறத்தாழ 34,000 பேர். 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

அப்பணவரத்துக் கணக்கு மறைக்கப்படவில்லை. ஆண்டுதோறும், இலாபநட்டக் கணக்கிற்குச் சில பக்கங்கள் தள்ளி, அச்சாகியே வந்தது.