கிறீனிச் பந்தும் கணினியின் மணிக்கூடும்

கிறீனிச் குன்றின்மேல் உள்ள வானாய்வு நிலையத்தின் கூரையிலே செந்நிறப் பந்து ஒன்று இருப்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். 1833ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பந்து 12.55க்குக் கம்பத்தின் பாதிவரை ஏறும், 12.58க்கு உச்சியை அடையும். சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸ் நதியில் நின்ற கப்பலோர் அதனைப் பார்த்துத் தம் காலமானிகளைச் சரிசெய்தனர். பந்து இல்லையெனின் ஒவ்வொருவரும் குன்றேறி வந்து வானியலாளரிடம் நேரம் கேட்க நேர்ந்திருக்கும். அவரது வேலையும் கெட்டிருக்கும். (நேரத்தை வீடுதேடிக் கொண்டுசென்று விற்ற பெல்வில் குடும்பத்தாரும் இந்நகரில் 1836 முதல் 1940 வரை இருந்தனர் என்பது சுவையான செய்தி.)

கணினியிலும் இதே சிக்கல் உண்டு. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில், 1970 ஜனவரி 1 தொடக்கம் கடந்த செக்கன்களாக நேரம் எண்ணப்படுகிறது. அக்கணக்கைக் காப்பது கேர்னல் எனும் கருப்பகுதி. நிரல் ஒன்று அதனிடம் நேரம் கேட்டால், செயலி அந்நிரலை நிறுத்தி, அதன் நிலையைக் குறித்துவைத்து, கருப்பகுதிக்குள் சென்று, விடையுடன் திரும்ப வேண்டும். ஒருமுறை எனின் பாதகமில்லை. ஆனால் இலண்டன் பங்குச் சந்தையிலே அதிவேக வணிகம் செய்வோர், 2018 ஜனவரி தொடக்கம், ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் உலகப் பொதுநேரத்திலிருந்து செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகாமற் பொறிக்க வேண்டும். அத்தகைய நிரல் ஓயாது நேரம் கேட்கும்.

லினக்ஸ் இதற்கென ஒரு பந்தை ஏற்றியுள்ளது. கருப்பகுதி நேரத்தை நினைவகப் பக்கமொன்றில் அவ்வப்போது எழுதிவைக்கும். எல்லா நிரல்களும் அதனைப் படிக்கலாம், திருத்த இயலாது. கப்பலோர் பந்து விழுந்தபின் தம் காலமானியை நம்பியதுபோல, நிரலும் அப்பக்கம் எழுதப்பட்டபின் கடந்த பொழுதைச் செயலியின் துடிப்பெண்ணியிலிருந்து கணித்துக் கூட்டிக்கொள்ளும். பாதி எழுதுகையில் படித்துவிட்டால்? பக்கத்திலே ஒரு வரிசை எண் உண்டு. படிக்குமுன்னும் பின்னும் அது மாறியிருப்பின், நிரல் மறுபடி படிக்கும். இவ்வேற்பாட்டிற்கு வி.டி.எஸ்.ஓ. என்று பெயர்.

நிரல் எழுதுவோர் இதற்கெனத் தனியே எதுவும் செய்யவேண்டியதில்லை. வழமையான நேரக் கட்டளையே இவ்வழியாற் செல்லும். எனினும், துடிப்பெண்ணி நம்பத்தகாததாயின், சில மெய்நிகர் கணினிகளில் நேர்வதுபோல, பழைய வழியே மீளும். ஐயமுள்ள மாணவர் எஸ்ட்ரேஸ் என்னும் கருவியால் தம் நிரலைச் சோதிக்கலாம். அதில் நேரம் கேட்கும் அழைப்புகள் வரிசையாகத் தோன்றினால், அந்நிரல் இன்னும் குன்றேறிக்கொண்டிருக்கிறது.