தீவில் இறங்கிய கஜராஜ்

கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரோரம் மாலையில் நின்றால், கடற்காற்று தோளில் கிடக்கும் துண்டைப் பறித்துவிடும். அந்தக் காற்றில் ஒரு சிப்பாய் 400 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஆறு மீட்டர் இறங்கினால், தரை தொட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றே அதற்குள் அவரை 350 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். இங்கே என்றால் சவுக்குத் தோப்பில் போய் விழுவார். சிறு தீவு என்றால் கடல்தான். அதுவும் முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கியோடு.

1988 நவம்பர் 3 அன்று நம் பாராசூட் படைக்கு இந்தக் கணக்குதான் தலைவலி. மாலத்தீவு வணிகர் அப்துல்லா லுதுஃபியோடு, இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 தமிழ் ஆயுததாரிகள் விடியுமுன் மாலேயில் இறங்கியிருந்தார்கள். ஒளிந்திருந்த அதிபர் கயூம் இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இரண்டு இல்யூஷின்-76 விமானங்கள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் நிற்காமல் பறந்து, ஹுலுலே தீவின் விமானத்தளத்துக்குப் போயின. வழியில்லாவிட்டால் குதிப்பது என்பதும் திட்டத்தில் இருந்தது. ஆனால் நொடிக்கு ஒருவராக 60 பேர் குதித்து முடிப்பதற்குள் விமானம் நான்கு கிலோமீட்டர் கடந்துவிடும். ஹுலுலேயோ ஓடுபாதையை விடச் சற்றே பெரிய தீவு.

ஆகவே, தரையிறங்குவதே மேல். இல்யூஷின்-76 அதற்கென்றே செய்த வண்டி. நம் விமானப்படை வைத்த பெயர் கஜராஜ். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் இன்ஜின்கள் தரையின் கல், தூசியிலிருந்து தள்ளியே இருக்கும். எடையைப் பகிர 20 சக்கரங்கள். தரை தொட்டதும் நான்கு இன்ஜின்களின் உந்துவிசையையும் முன்பக்கமாகத் திருப்பி, ஓட்டத்தைச் சீக்கிரம் அடக்கலாம். வாலடியில் கதவு திறந்து சாய்தளம் இறங்கும். வீரர்களும் ஜீப்புகளும் நேரே வெளியேறலாம்.

தளம் கைக்கு வந்தால்தான் தீவும் வசப்படும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. 1941 மே மாதம் கிரீட் தீவில் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கிய ஜெர்மானியர் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். மாலெமே விமானத்தளம் கைக்கு வந்து, யுங்கர்ஸ்-52 விமானங்களில் துணைப்படை வந்திறங்கிய பிறகுதான் போர் அவர்கள் பக்கம் திரும்பியது.

மாலேயைத் தாக்கியவர்கள் ஹுலுலேயைப் பிடிக்காமல் விட்டது, என் கணக்கில், அவர்கள் செய்த மிகப் பெரிய பிழை. ஓடுபாதை விளக்குகள் சிறிது நேரமே எரிந்தன. விமானங்கள் இறங்க அது போதுமானதாக இருந்தது. தளத்தைப் பிடித்த வீரர்கள் படகில் மாலேக்குப் போனார்கள். லுதுஃபி பிணைக்கைதிகளோடு ‘புரோகிரஸ் லைட்’ என்ற கப்பலில் தப்பினார். கடலில் அதை மடக்கியவை கோதாவரி, பெத்வா என்ற நம் போர்க்கப்பல்கள்.