புல் விதைத்தால் போதுமா? அருப்புக்கோட்டை – திருச்சுழி தரிசும் மேய்ச்சல் உரிமையும்

சீமைக் கருவேலத்தை அகற்றுவது குறித்துத் தமிழ்நாட்டில் நிறையவே பேசியாயிற்று. 2017ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற உத்தரவிட்டபோது தென் மாவட்டங்கள் எங்கும் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. அகற்றிய நிலத்தில் அடுத்து என்ன வளர வேண்டும், அதன் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விகள் மட்டும் அன்று போலவே இன்றும் ஓரமாகக் கிடக்கின்றன. விறகும் கரிமூட்டமும் பிழைப்பாகக் கொண்ட நிலமற்ற குடும்பங்களுக்கு இக்கேள்விகள் சோற்றுக் கேள்விகள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கின்றன. ஆண்டின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களுக்குள், அடித்துப் பெய்து முடிந்துவிடுகிறது. மூடாக்கு இல்லாத மண்ணின் மீது விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பில் ஓர் ஓடுபோல் இறுகுகின்றன. அதன்பின் நீர் உள்ளிறங்காமல் சரிவில் ஓடுகிறது. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்கும் கண்மாய்க்கும், கடைசியில் குண்டாற்றுக்கும் போய்ச் சேருகிறது. கண்மாய் தூர்ந்துவிட்டது என்று வருந்துவோர், அந்த வண்டல் எந்த மேட்டிலிருந்து வந்தது என்று கேட்பது அரிது. அந்த மேடு பெரும்பாலும் மேய்ச்சல் புறம்போக்கு, அல்லது ஒடுக்கப்பட்டோருக்கு 'ஒப்படை' என்ற பெயரில் தரப்பட்ட ஓடைக்கரைச் சரிவு.

இத்தகைய நிலத்தை முதலில் பிடித்து நிறுத்துவது மரமன்று, புல். அதன் இலைகள் மழைத்துளியின் வேகத்தை முறிக்கின்றன. சல்லிவேர்கள் மேல்மண்ணை வலைபோல் கட்டுகின்றன. வறண்ட செம்மண்ணுக்கு உகந்த நம் மண்ணின் புல் கொழுக்கட்டைப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டையில் கோ 1 என்ற இரகத்தை மானாவாரித் தீவனத்திற்கெனப் பரிந்துரைக்கிறது. ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ போதும்.

எனினும் புல் விதைப்பு பல இடங்களில் தோற்றுப்போவதற்குக் காரணம் விதையைப் பற்றிய அறியாமையே. கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுவடை செய்து 6 முதல் 8 மாதம் கழிந்த பின்பே அது நன்கு முளைக்கும். தையில் உருவிய கதிரைப் புரட்டாசியில் விதைத்தால் கணக்குச் சரியாக வரும். புது விதையை விதைக்க நேர்ந்தால், லிட்டர் நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து 48 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். விதை பஞ்சுபோன்று இலேசானது; வெறுங்கையால் வீசினால் காற்றோடு போய்விடும். ஈரமணலோடு கலந்து, அல்லது செம்மண்ணும் சாணமும் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கி, பருவமழைக்குச் சற்று முன் விதைப்பது நலம். ஆழப் புதைத்தால் முளை மேலே வராது. சரிவுக்குக் குறுக்காகக் கீறிய ஆழமற்ற சால்களில் விதைத்து, முள்செடியால் மேலாக இழுத்துவிட்டால் போதும். சால் நீரையும் தடுக்கும், விதையையும் தடுக்கும்.

உடன் முயல் மசாலையும் கலந்து விதைப்பது நல்லது. அது பயறுவகை, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைநிறுத்தும். விதையுறை கடினமானதால் 80 டிகிரி வெந்நீரில் 4, 5 நிமிடம் இட்டெடுத்து, இரவு முழுவதும் குளிர்நீரில் ஊறவைத்த பின் விதைக்கிறார்கள். நீர் தேங்கும் கரிசல் பள்ளத்தில் கொழுக்கட்டைப்புல் நிலைக்காது. அங்கே அருகம்புல்லைக் கொடித்துண்டாக வரப்பில் ஊன்றுவதே பயன் தரும்.

இதுவரை சொன்னது வேளாண்மை. இனி வருவதுதான் சிக்கல்.

விதைத்த முதல் ஆண்டு நிலத்தில் கால்நடையை விடக் கூடாது. வேர் பிடிக்காத புல்லை ஆடு வேரோடு பிடுங்கிவிடும். ஆகவே வேலி போடுகிறார்கள். வேலிக்கு வெளியே நிற்பது யாருடைய ஆடு? பட்டா நிலம் உள்ளவருக்குத் தம் வரப்பும் தட்டையும் உண்டு. நான்கு வெள்ளாடுகளை மட்டுமே சொத்தாகக் கொண்ட தலித் பெண்ணுக்கு அந்தப் புறம்போக்கைத் தவிர வேறிடமில்லை. பசுமையாக்கம் என்ற பெயரில் ஓராண்டு மூடிய நிலம், பிறகு ஊரில் வலுத்தவரின் ஏலக் குத்தகையாக மாறிவிடும் அபாயத்தை நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

காங்கேயம் பகுதியின் கொறங்காடு இங்கே ஒப்பிடத்தக்கது. கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரங்கள் என்று தலைமுறைகளாகப் பேணப்படும் மேய்ச்சல் நிலம் அது. வறட்சியிலும் புல்லைக் காக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் அந்த வேலி தனியுடைமையின் வேலி. அதனை அப்படியே பொதுநிலத்திற்குப் பெயர்த்து வந்தால், புல் தழைக்கும், ஆடு பட்டினி கிடக்கும்.

ஆகவே மூடும் காலத்திலும் புல்லை அறுத்துச் சுமந்து செல்லும் உரிமை நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்டென்று கிராமசபைத் தீர்மானத்தில் பெயர்ப்பட்டியலோடு எழுதப்பட வேண்டும். நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மூடாமல் பகுதி பகுதியாக மூடலாம். கதிர்கள் ஒரே நேரத்தில் முற்றாததால் விதையை மீண்டும் மீண்டும் சென்று கையால் உருவ வேண்டியுள்ளது. அது பெண்களின் உழைப்பு. அதற்குக் கூலி உண்டு என்பதையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். இலவசச் சேவையாக அதைக் கேட்பது பழைய வெட்டி வேலையின் புதிய பெயர்.

பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன ஜக்பால் சிங் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் ஒரு விதிவிலக்கையும் வைத்தது: அரசாணையின்படி நிலமற்ற தொழிலாளர்க்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் வழங்கப்பட்ட குத்தகைகளை முறைப்படுத்தலாம் என்பதே அது. தீர்ப்பின் முற்பகுதியை மட்டும் சுட்டிக்காட்டி ஒடுக்கப்பட்டோரை வெளியேற்ற முனைவோரிடம் பிற்பகுதியையும் படித்துக் காட்டலாம்.

பட்டா பெற்றவர் நிலை வேறு. 1892இன் பஞ்சமி நில ஒப்படையானாலும், 2006இல் அறிவிக்கப்பட்ட இரண்டு ஏக்கர் திட்டமானாலும், நிலத்தைத் தந்தபின் அதைத் திருத்தும் செலவை ஏழையின் தலையில் விட்டதே வரலாறு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பட்டியலினத்தவரின் சொந்த நிலத்தில் மேம்பாட்டுப் பணி செய்ய இடமளித்தது. வரப்பு கட்டவும் சால் போடவும் கூலி அவ்வழியே வந்திருக்கலாம். ஆனால் நூறு நாள் வேலை என்றாலே கண்மாய்க் கரையும் சாலையோரமும் என்றுதான் பல ஊர்களில் ஆயிற்று. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆவணியில் விதை கேட்டுக் கடிதம் எழுதுவதானால், நிலத்தின் புல எண், மண்வகை, பரப்பு ஆகியவற்றோடு, அறுவடை செய்து எத்தனை மாதமான விதை என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.