கறுப்புப் பியருக்கு எத்தனை புள்ளி?

கள்ளின் தரம் தெரிந்த பெரியவர்கள் தவறணையில் பிளாவை வாயில் வைக்குமுன் ஒருதரம் மூக்கருகே பிடிப்பார்கள். காலையில் இறக்கியதா, நேற்றைய முட்டியில் கிடந்து புளித்ததா, தனிப்பனைக் கள்ளா, பல பனையும் கலந்ததா என்று அந்த ஒரு மூச்சிலேயே அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். முதல் மிடறு, மூக்கு சொன்னதைச் சரிபார்க்கத்தான். பியர் போட்டிகளில் நடுவர்கள் செய்வதும் இதையேதான். ஆகவே ஸ்டவுட், போர்ட்டர் என்கிற கறுப்புப் பியர்களைச் சுவைத்து மதிப்பிடுவது வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு முற்றிலும் புதிய வித்தை அல்ல.

முதலில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வாற்கோதுமையை ஊறவைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் மோல்ட் கிடைக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை 200 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வறுத்துச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் கோப்பிக்கொட்டையையும் மல்லியையும் தாச்சியில் போட்டு வறுக்கும்போது நிறம் மாற மாற வாசமும் மாறுகிறதல்லவா? வாற்கோதுமையிலும் அப்படித்தான். முதலில் பிஸ்கட் வாசம், பிறகு சொக்லேட், பிறகு கோப்பி, கவனம் தப்பினால் கரி. 1817இல் டானியல் வீலர் என்பவர் லண்டனில் சுழலும் வறுகலன் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் கரியாக்காமல் கறுப்பாக வறுப்பது எளிதாயிற்று.

போர்ட்டர் அதற்கும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை சுமந்த தொழிலாளர்கள், நம் சந்தை வழக்கில் சொன்னால் நாட்டாமைகள், விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே பானத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் கடுமையானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். காலப்போக்கில் முன்பாதி மட்டும் தனிப்பெயராக நின்றது. இன்று இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது கடினம். ஸ்டவுட்டில் வறுத்த சுவை பொதுவாகத் தூக்கலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலங்கையில் கறுப்புப் பியர் என்றால் லயன் ஸ்டவுட்தான். அதைக் காய்ச்சும் நிறுவனத்தின் வேர், மலையகத்துத் தோட்டத்துரைமாருக்காக 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய சிலோன் புருவரி. இப்போது காய்ச்சுவது பியகமவில். மைக்கல் ஜாக்சன் (பாடகர் அல்லர், 2007இல் மறைந்த ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர்) இதைச் சுவைத்துப் பெரிதும் மெச்சி எழுதினார். உலகெங்கும் பியர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்தும் அமெரிக்க அமைப்பு ஒன்று இருக்கிறது. பிஜேசிபி என்பார்கள். அது 2015இல் வெளியிட்ட வகைநூலில் 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்று ஒரு தனி வகுப்பு உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாக ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு நம் லயன் ஸ்டவுட்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வகுப்பை விளங்கிக்கொள்ளாமல் புள்ளி போடக்கூடாது. பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பிய கடும் ஸ்டவுட்டை, பின்னர் அந்தந்த ஊர்க்காரர் தம் கையிலிருந்த சர்க்கரையையும் சேர்த்துத் தம் முறையில் காய்ச்சியதால் பிறந்த வகை இது. இனிப்பு இருக்கும், பழவாசம் இருக்கும், கரிந்த கசப்பு அடங்கியே இருக்கும். அயர்லாந்தின் கின்னஸ் அப்படியல்ல. இனிப்பு வற்றி உலர்ந்து, வறுத்த கசப்பு முன்னுக்கு நிற்கும். கின்னஸ் பழகிய நாக்கு லயனைக் குடித்துவிட்டு "இனிப்புக் கூட" என்று புள்ளி குறைத்தால், தென்னங்கள்ளைக் குடித்துவிட்டு அது பனங்கள்ளாக இல்லையே என்று குறை சொல்வது போலாகும். எதையும் அதன் சொந்த வகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி சுவைக்கும் முறை. கிளிநொச்சி வெயிலில் உறைகுளிர்ப் போத்தலைத்தான் கை தேடும். ஆனால் அத்தனை குளிரில் வாசம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். பிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு பத்து நிமிடம் வெளியே வையுங்கள். போத்தலோடு குடிக்க வேண்டாம். வாய் ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸில் மூன்றிலொரு பங்குக்கு ஊற்றினால் மீதி இடத்தில் வாசம் தங்கும். நுரை கபில நிறமாக, சிறு குமிழிகளோடு எழுந்து சிறிது நேரமாவது நிற்க வேண்டும். கிளாஸில் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை உடனே விழுந்துவிடும், அது பியரின் குற்றமல்ல.

பிறகு கிளாஸை மெல்லச் சுழற்றி முகருங்கள். லேபிளில் யாரோ எழுதிய சொற்களைத் தேட வேண்டாம், உங்களுக்குப் பழகிய வாசங்களைத் தேடுங்கள். எனக்கு லயனில் முதலில் வருவது பனங்குட்டானைப் பிரிக்கும்போது எழும் வாசம். அதன் பின்னால் பாயாசத்துக்கு நெய்யில் பொரித்த பிளம்ஸ், கொஞ்சம் சொக்லேட், அடியில் கறுப்புக் கோப்பி. இதை எழுதி வையுங்கள், பிறகு மறந்துபோகும்.

ஒரு சிறு மிடறு எடுத்து நாக்கு முழுதும் படரவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போகும் வாசம்தான். நாக்கு மட்டும் தனியே அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச்சாறு போன்ற ஒரு ருசி, அவ்வளவே. கசப்பிலும் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கலாம். பாகற்காய் போல நாக்கின் அடியில் நின்றுபோவது, பியர் காய்ச்சும்போது சேர்க்கும் ஹொப் பூவின் கசப்பு. தீய்ந்த கோப்பித்தூள் போல இருப்பது வறுத்த தானியத்தின் கசப்பு. பக்கத்தில் மிளகாய் போட்ட கணவாய்ப் பொரியலை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியாது. தண்ணீரும் ஒரு துண்டுப் பாணும் போதும். சுவைத்து முடிந்தபின் தொதலோடு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், இரண்டும் உறவுக்காரர் போலச் சேரும்.

கெட்டுப்போனதையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். நனைந்த காட்போட் மட்டை வாசம் என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெயில் விழும் இடத்தில் நின்ற போத்தலில் ஹொப் சிதைந்து ஒரு முடைநாற்றம் வரும், கடும்நிறப் போத்தல் அதை ஓரளவு தடுக்கும். வினாகிரிப் புளிப்பு என்றால் கிருமி புகுந்துவிட்டது. கள்ளில் நேரம் போகப் போகப் புளிப்பது இயல்பு. கொதிக்கவைத்து, தெரிந்தெடுத்த ஈஸ்ட்டை மட்டும் சேர்த்த ஸ்டவுட்டில் அது குற்றம்.

பிஜேசிபி நடுவர் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தடிப்புக்கும் வழுவழுப்புக்கும் 5, மொத்த உணர்வுக்கு 10. நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 3. கறுப்பாக இருப்பதற்கென்று தனியே கிடைப்பது ஒன்றுமில்லை. போதைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. லயனுக்கு நான் போடுவது முறையே 9, 3, 16, 4, 8, ஆக 40. மதுச்சூடு தொண்டையில் சற்று முந்திக்கொள்வதால்தான் சுவையில் நாலு குறைத்தேன்.

அந்தச் சூட்டைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம், அதாவது சுமார் 43 கிராம். அது தனியொருவருக்குரிய அளவே அல்ல. நாலு பேர் சேர்ந்து சுவைக்க ஒரு போத்தல் தாராளம். லேபிளை மறைத்து ஊற்றினால் பெயரைப் பார்த்துப் புள்ளி போடும் பழக்கமும் விட்டுப்போகும். கறுப்புப் பியர் இரத்தம் ஊறச் செய்யும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்ற பேச்சை நம்பாதீர்கள். அதில் இரும்புச்சத்து மிகச் சொற்பம், மதுசாரம் தாய்ப்பாலில் கலக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். குடியால் குலைந்த வீடுகள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. அதனால்தான் அளவை முதலில் தீர்மானித்துவிட்டு உட்காரச் சொல்கிறேன்.

கிளாஸின் அடியில் கடைசி இரண்டு மிடறை விட்டுவையுங்கள். அரைமணி நேரம் போய் அது அறைச்சூட்டுக்கு வந்ததும் திரும்ப முகர்ந்து, முதல் எழுதியதற்குக் கீழே புதிய புள்ளியையும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அநேகமாக எப்போதும் இரண்டாவது எண்தான் பெரிது.