காணிக்காரரும் காட்டுக் காவலும்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிறது. இங்குள்ள ஆற்றுப்படுகை உறைகிணறுகளிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் குடிதண்ணீர் போகுது. இந்தத் தண்ணி புறப்படுகிற காட்டுக்கு யார் காவல்? ஊர்ல கேட்டா "ஃபாரஸ்ட்காரங்க" என்பார்கள். பாதி சரி.

1988-ல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள் காணிக்காரர்கள். மயிலாறு, சேர்வலாறு, காரையாறு அணைக்கு மேலே படகிலும் நடந்தும் போகவேண்டிய இஞ்சிக்குழி என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள். 'காணி' என்றால் பரம்பரை நில உரிமை. கல்வெட்டுகளில் சகஜமாக வரும் சொல். நிலத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் சனங்கள் பட்டாவுக்கு மனு போட்டுக் காத்திருந்ததை என்னவென்று சொல்ல?

இவர்களில் பலர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். ரோந்து, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, புலிக் கணக்கெடுப்புக்குத் தானியங்கி கேமரா கட்டுவது எல்லாம் இவர்கள் வேலை. இப்போது ரோந்துக்கு 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' என்ற செயலி உண்டு. மென்பொருள் ஆள் என்பதால் அதை ஆர்வமாகப் படித்தேன். நடந்த தடத்தை ஜிபிஎஸ் அழகாகப் பதிவு செய்யும். ஆனால் எந்தத் தடத்தில் நடக்கணும், யானை இறங்குற ஓடை எது என்பதெல்லாம் முன்னால் போகிறவர் தலைக்குள்தான் இருக்கு. பெரும்பாலும் அவருடையது தற்காலிக வேலை.

ஆஸ்திரேலியாவில் 2007-ல் பழங்குடி ரேஞ்சர்களுக்கென்றே அரசு நிதித் திட்டம் வந்தது. அங்கே அவர்கள் நிலத்தையும் கடலையும் 'கன்ட்ரி' என்கிறார்கள். நம்ம 'காணி'க்கு ரொம்பப் பக்கத்துச் சொல் என்று எனக்குப் படுகிறது. வித்தியாசம் என்னன்னா, அங்கே பல இடங்களில் ரேஞ்சர் குழுவை நடத்துவதே பழங்குடி அமைப்புகள்தான். இங்கே காணிக்காரர் துறைக்குக் கீழே கூலி ஆள்.

சட்டம் இல்லையா? இருக்கு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமை பெற்றவர்களும் கிராம சபையும் வன உயிர்களையும் காட்டையும் மட்டுமல்ல, நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கலாம் என்று அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பதே 2016 வரை இழுத்தது. வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் தனிநபர் பட்டா என்பதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. காட்டையே சமூகமாக நிர்வகிக்கும் உரிமை வேறு. அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அந்தக் கூட்டத்தில் நமக்கு வாக்கு கிடையாது. அங்கே எடுக்கிற முடிவு மட்டும் ஆற்றோடு இறங்கி சீவலப்பேரிக்கு வரும்.