பயிர்க் காவலும் மலிவான வேட்டை ரைபிளும்

காப்புக்காட்டை அடுத்து நிலம் வைத்திருப்போருக்கு, அந்தியிலும் விடியலிலும் மந்தையாய் இறங்கும் புள்ளிமான்களால் நேரும் நஷ்டம் புதிதன்று. ஊரப்பாக்கத்தில் வீட்டுமனைகளுக்குத் தப்பி எஞ்சியுள்ள வயல்கள் வண்டலூர்க் காட்டிலிருந்து மான் நடந்து வரும் தூரத்திலேயே உள்ளன. வேர்க்கடலைக் கொழுந்தையும் பயற்றின் தளிரையும் ஒரே இரவில் மேய்ந்துவிட்ட நிலத்தைக் காலையில் காணும் குடியானவரின் மனக்கொதிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வேளையில், அமெரிக்காவிலுள்ள உறவினர் எவரேனும், “இங்கே மான் வேட்டைக்குத் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் மலிவாகக் கிடைக்கிறது” என்று சொன்னால், அதன்மேல் ஆசை பிறப்பது இயல்பே. அவ்வாசை நிறைவேறத்தக்கதா, நிறைவேறினும் நன்மை தருமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வகைத் துப்பாக்கியில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். ஆயினும், மருந்து எரிந்தெழும் வாயுவின் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியே பிரிந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ள, வெற்றுத் தோட்டா வெளியே எறியப்பட்டு, சுருள்வில்லின் வேகத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். சுடுபவர் குறியினின்று கண்ணை அகற்ற வேண்டுவதில்லை. காயமுற்று ஓடும் விலங்கை உடனே இரண்டாங் குண்டால் வீழ்த்தலாம். தோளில் படும் உதையும் சற்றுக் குறைவு. இவை மெய்யான நன்மைகளே.

மலிவானவற்றுள் பெயர்பெற்றது, ருஷியாவில் சீமொனவ் என்பவர் வகுத்த, 1945ஆம் ஆண்டு மாதிரியான எஸ்.கே.எஸ். என்னும் துப்பாக்கி. அது 10 தோட்டாக்கள் கொள்ளும். பட்டாளங்கள் கழித்தவை பெருந்தொகையாய்ச் சந்தைக்கு வந்தமையால், 1990ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் சிறு வருவாயினரும் அதை வாங்க இயன்றது. மலிவுக்கேற்ற குறைகளும் அதற்கு உண்டு. சுமார் 150 கஜத்துக்கு அப்பால் மானைக் குறிவைக்க அதை நம்பலாகாது. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் உப்புக் கசடு குழலை அரித்துத் துருவேற்றும். கடற்காற்று வீசும் நமது ஜில்லாவில் சொல்லவே வேண்டா. எல்லாவற்றினும் கொடியது யாதெனில், சுடும் ஊசி அழுக்கினாலோ பழைய கிரீசினாலோ சிக்கிக்கொண்டால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். வேட்டைக்குப் பேர்போன பென்சில்வேனியா மாகாணத்தில், 2017இல் சிறு பிராணிகளுக்கு இவ்வகை ரைபிளை அனுமதித்தபோதும், மான் வேட்டைக்கு அனுமதிக்கவில்லை.

இனி நமது இடத்தை நோக்குவோம். மான் வேட்டை ரைபிளின் குண்டு, குறி தவறினால் 2 கிலோமீட்டருக்கு மேலும் பறந்து செல்லும். ஊரப்பாக்கத்தில் அத்தூரத்துக்குள் அடங்குபவை எவை? ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம்–செங்கல்பட்டு இருப்புப்பாதை, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையம், எண்ணிறந்த வீடுகள். ஆளற்ற அடர்காட்டில் நன்மையாகும் விரைவு, இங்கே இருட்டில் இரண்டு மூன்று குண்டுகளை யோசனையின்றி அனுப்பிவிடும் தீமையாகும்.

சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. தானே தோட்டா ஏற்றும் ரைபிள் ஆயுத விதிகளில் கட்டுப்பாட்டு வகையைச் சேர்ந்தது. பயிர்க் காவலுக்கென உள்ளூர் லைசென்ஸ் அதிகாரி அதை வழங்க இயலாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு உண்மையான பயிர்க் காவலுக்கெனக் குறிப்பிடுவது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாதென்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழலுடைய வேறு துப்பாக்கி தரலாம். அதன் சிறு ரவைகள் சில நூறு கஜங்களில் வேகமிழந்து விழுந்துவிடும் என்பதை எண்ணினால், இவ்விதியின் பொருத்தம் விளங்கும்.

துப்பாக்கி லைசென்ஸ் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை மேய்ந்தது என்பதற்காக மானைச் சுடும் உரிமை எவருக்கும் பிறவாது. தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணங்காட்டி எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கும் சர்க்காரின் சொத்தே. மீறிச் சுட்டுத் தண்டனை பெற்றவருடைய ஆயுத லைசென்ஸை ரத்துசெய்து, 5 ஆண்டுகளுக்கு வேறு லைசென்ஸ் பெறவொட்டாமல் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காட்டுப்பன்றிக்கென 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வகுத்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுதல் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுதல். அதற்கப்பாலும் சுடுவோர் வனத்துறையினரே.

ஆகவே துப்பாக்கிக்கெனச் சேர்த்த பணத்தை வேலிக்குச் செலவிடுவதே தக்கது. புள்ளிமான் தாண்டாதிருக்க வேலி சுமார் 8 அடி உயரம் இருத்தல் வேண்டும். இடுப்பளவு முள்வேலி அதற்கு ஒரு பொருட்டன்று. சூரியசக்தி வேலி இடுவோர் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவுசெய்துகொள்க. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதோ மனிதரையும் மாட்டையும் கொல்லும். அதைக் கண்டால் கிராம உத்தியோகஸ்தர்கள் கண்டும் காணாததுபோல் இருத்தலாகாது. சேதம் நேர்ந்தால் அன்றே படம் எடுத்து, வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, மறு உழவு செய்யுமுன் நிலத்தைப் பார்வையிடச் செய்தல் வேண்டும். நஷ்டஈடு கோருவோர், அடங்கலில் பயிர் சரியாக ஏறியுள்ளதா என்பதை விதைத்த மாதத்திலேயே பார்த்துவைத்துக்கொள்வது நலம்.